குழி இருக்கிறது, தண்ணீர் இறங்கவில்லை: வீட்டைப் பசுமையாக்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. பழைய வீடு, புது வீடு என்ற பேதமில்லாமல் அந்த ஆண்டு எல்லோரும் அவசர அவசரமாகக் குழி தோண்டினார்கள். பதினாறு ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது. சட்டம் வீண் என்று சொல்லமாட்டேன். தொடக்க ஆண்டுகளில் பல பகுதிகளில் கிணற்று மட்டம் நன்றாகவே ஏறியது. அதற்கப்புறம் பெரும்பாலான வீடுகளில் அந்தக் குழியின் மூடியை யாரும் திறந்து பார்க்கவில்லை.

வீட்டைச் சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். ஒன்றைக் கட்டிவிட்டால், வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். குழி, உரத்தொட்டி, சோலார் என்று எதை எடுத்தாலும் இதே கதைதான். சொந்த வீட்டுக்காரர்கள் மனது வைத்தால் பெரிய செலவில்லாமலே இதைச் சரிசெய்யலாம்.

மழைநீரில் தொடங்கலாம், ஏனென்றால் நாம் அதிகம் இழப்பது அங்கேதான். ஒரு சின்னக் கணக்கு. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் விழுகிறது. தெறிப்பது, காய்வது போக 800 லிட்டராவது குழாயில் இறங்கும். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை. ஆக, ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் நம் தலைக்கு மேலே இலவசமாக வந்து போகிறது. 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் அது ஒன்பது லாரி.

இதை வாங்கிக்கொள்ள நாம் வைத்திருப்பது என்ன? மூன்றடி விட்டம், ஐந்தடி ஆழத்தில் ஒரு குழி. அதன் முழுக் கொள்ளளவே 1,000 லிட்டர்தான். அதிலும் வாய் வரைக்கும் ஜல்லியையும் மணலையும் கொட்டிவிட்டால், கற்களுக்கு நடுவே தண்ணீருக்கு மிஞ்சுவது 400 லிட்டர்கூட இராது. அரை சென்டிமீட்டர் மழைக்கே குழி நிறைந்துவிடும். ஐப்பசியில் ஒரே நாளில் பத்து சென்டிமீட்டர் கொட்டும்போது மீதியெல்லாம் தெருவுக்குத்தான் ஓடும். இடமும் வசதியும் இருந்தால் ஜல்லிக் குழிக்குப் பதிலாக உறைக் கிணறு போடுங்கள். அதே மூன்றடி விட்டத்தில் பதினைந்தடி ஆழத்துக்கு உறை இறக்கி, உள்ளே எதையும் நிரப்பாமல் விட்டால் 3,000 லிட்டர் நிற்கும். கீழே ஊறிக்கொண்டே இருக்கும், தூர் வாரவும் முடியும். களிமண் பகுதி என்றால் களி அடுக்கைத் தாண்டி மணல் தட்டுப்படும் வரை இறக்குவது முக்கியம். களியிலேயே நிறுத்தினால் எவ்வளவு பெரிய குழியும் வெறும் தொட்டிதான்.

ஏற்கெனவே ஜல்லிக் குழி இருக்கிறதா? செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், அதன் சிமென்ட் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்து பாருங்கள். வேப்பஞ்சருகும் புறா எச்சமும் மாடித் தூசியும் சேர்ந்து, மேல் ஜல்லியின் மீது வரட்டி போலக் கறுப்பாக ஒரு படிவு இறுகியிருக்கும். விரலால் குத்தினால்கூட உடையாது. நான்கைந்து வாளி தண்ணீர் ஊற்றுங்கள். இறங்காமல் மேலேயே தேங்கி நின்றால் அந்தக் குழி செத்துவிட்டது என்று அர்த்தம். உயிர் கொடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை. மேல் ஓரடி ஜல்லியை, மணலை அள்ளி வெளியே போட்டு, கழுவி, மறுபடி போடவேண்டும். ஆள் வைத்தால் அரை நாள் கூலி. இதை ஆண்டுக்கு ஒருமுறை செய்தாலே போதும்.

சிலர் குழி இருந்தும் மாடிக் குழாயைக் கழிவுநீர்ச் சாக்கடையில் இணைத்துவிடுகிறார்கள். மழை நாளில் தெருவில் மேன்ஹோல் பொங்கி, வீட்டுக்குள் நாற்றம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னும் சிலர் மாடித் தண்ணீரை வடிகட்டாமல் நேராக ஆழ்துளைக் கிணற்றில் விடுகிறார்கள். இது ஆபத்து. பறவை எச்சமும் தூசியும் நேரே நிலத்தடி நீரில் கலக்கும், அது நம் வீட்டோடு நிற்காது. அடுத்த தெருக்காரரின் போருக்கும் அதே நீர்தான். முதல் மழைத் தண்ணீரை வெளியே விட ஒரு திறப்பு வையுங்கள். அதற்கப்புறம் வருவதை வடிகட்டி உள்ளே விடலாம். வற்றிப்போன பழைய கிணறு இருந்தால் அதைவிட நல்ல சேகரிப்பு இல்லை. வீட்டை இடித்துக் கட்டும்போது அந்தக் கிணற்றைக் கட்டட இடிபாடு போட்டு மூடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

அப்புறம் வாசல். கேட்டிலிருந்து படி வரை டைல்ஸ், பக்கச் சந்தில் சிமென்ட், பின்னால் பேவர் பிளாக் என்று ஓரங்குல மண்கூட விடாமல் மூடிவிட்டு, மூலையில் ஒரு குழியை நம்பி உட்கார்ந்திருக்கிறோம். மதிலை ஒட்டி இரண்டடி மண்ணாவது விட்டால் மழையும் இறங்கும், ஒரு முருங்கையும் நிற்கும்.

தண்ணீரில் இன்னொரு இழப்பு சமையலறையில் நடக்கிறது. தேவையா இல்லையா என்று பார்க்காமலே எல்லா வீட்டிலும் ஆர்.ஓ. மாட்டுகிறோம். ஒரு லிட்டர் குடிநீர் தர அது இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதை இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஏற்கிறது. அதற்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவையில்லை என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 2019இல் சொன்னது. கரைந்த உப்பை அளக்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரைக் குழாய்த் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். எண் குறைவாக இருந்தால் வடிகட்டிக் காய்ச்சிக் குடிப்பது போதும். அந்த மீட்டர் உப்பை மட்டுமே காட்டும், கிருமியைக் காட்டாது. அதனால் காய்ச்சுவதை விட்டுவிடக் கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருந்து ஆர்.ஓ. தவிர்க்க முடியாது என்றால், கழிவுக் குழாயை ஒரு குடத்தில் விட்டு, அந்தத் தண்ணீரில் தரை துடையுங்கள், கழிப்பறைக்கு ஊற்றுங்கள். செடிக்கு மட்டும் தொடர்ந்து ஊற்றாதீர்கள். உப்பு மண்ணில் சேர்ந்து, இலை நுனி கருகத் தொடங்கிவிடும்.

குப்பையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், எல்லோரும் பாதியில் விடுகிறோம். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே மூன்றாகப் பிரிக்கச் சொல்லின: மக்குவது, மக்காதது, வீட்டில் வரும் ஆபத்தான கழிவு. மூன்றாவதைத்தான் நாம் மறந்துபோகிறோம். பிளேடு, பேட்டரி, காலாவதியான மாத்திரை, உடைந்த பல்பு எல்லாம் காய்கறித் தோலோடு சேர்ந்தே போகின்றன. அவற்றைக் கையால் கிளறிப் பிரிப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர். மக்கும் குப்பையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் அதைப் பாலிதீன் கவரில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தாலும் பிரித்த பலன் போய்விடும். இப்படிக் கலந்து போவது மலையாகக் குவிந்தால் என்ன நடக்கும் என்பதை 2022 ஏப்ரலில் சென்னையின் பெருங்குடி குப்பைக் கிடங்கு காட்டியது. அந்தக் கிடங்கு நாள் கணக்கில் எரிந்தது.

வீட்டிலேயே உரம் போடலாம் என்று தொட்டி வாங்கியவர்களில் பலர் ஒரே மாதத்தில் கைவிடுவார்கள். காரணம் நாற்றம், புழு. இரண்டுக்கும் மூலம் ஈரம்தான். காய்கறிக் கழிவில் தண்ணீர் அதிகம், அதை மட்டும் போட்டால் மக்காது, அழுகும். ஒவ்வொரு முறை கழிவு போடும்போதும் அதே அளவோ, இரண்டு மடங்கோ காய்ந்த இலை அல்லது தேங்காய் நார்த்தூள் மேலே போடவேண்டும். வாரம் ஒருமுறை கிளறிவிட்டுக் காற்று புக விடவேண்டும். தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். கையில் ஈரம் தெரியவேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் இன்னும் சருகு. சாம்பார், எண்ணெய், மீன் முள் இதையெல்லாம் கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த முறை தெரிந்துவிட்டால் வாசலில் சருகைக் கூட்டிக் கொளுத்த மனமே வராது, தொட்டிக்கு அதுதானே வேண்டும். போகிக்கும் இதையே சொல்வேன். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் புகைமூட்டத்தால் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. பழைய பாய், டயர், பிளாஸ்டிக் என்று நாம் வாசலில் போட்டு எரித்த புகைக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

துணிப்பை விஷயத்திலும் நன்றாக ஏமாறுகிறோம். ஜவுளிக் கடையில், கல்யாணத் தாம்பூலத்தில் தருகிற பல பைகள் பார்க்கத் துணி மாதிரி இருக்கும். தடவினாலும் துணிதான் போலிருக்கும். நெய்யாமல் அழுத்திச் செய்த பாலிபுரொப்பிலீன் அது, அதாவது பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு தடைசெய்த பொருள்களில் அதுவும் உண்டு. சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு சிறு துண்டு வெட்டி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் கருகும் வாசனை வந்து சாம்பலாகும். பிளாஸ்டிக் சுருங்கி, உருகி, கடினமான மணியாக உறையும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மஞ்சப்பையை வண்டிப் பெட்டியில் எப்போதும் போட்டு வைத்திருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

மின்சாரத்தில் எல்லோருக்கும் முதலில் சோலார் ஆசைதான் வருகிறது. அதற்கு முன் மின்விசிறியைப் பாருங்கள். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், மின்சாரம் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டில் அதே காற்று தரும். நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால், நம் இரண்டு மாத மின்கட்டணத்தில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம். நான்கு ஃபேன் உள்ள வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. ஏ.சி.யை 18 டிகிரியில் வைத்துவிட்டுப் போர்வை போர்த்திக்கொள்ளும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது.

தேவையைக் குறைத்த பிறகு சோலார் போட்டால் சின்ன அமைப்பே போதுமாகிவிடும். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி இடம் வேண்டும். நாளைக்குச் சராசரியாக நான்கு யூனிட் கிடைக்கும். 2024இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. மே மாதத்தில் மாடியைப் பார்த்துவிட்டு நிழலே இல்லை என்று முடிவுசெய்வது ஒன்று. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், அப்போது தெற்குப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியின் நிழலும், அடுத்த வீட்டு மாடியின் நிழலும் நீண்டு பேனல் மீது விழும். ஒரு பேனலில் பாதி நிழல் விழுந்தாலும் அதோடு தொடராக இணைந்த மற்ற பேனல்களின் உற்பத்தியும் குறையலாம். இன்னொன்று, கரண்ட் போனாலும் சோலார் ஓடும் என்று நம்பிப் பணம் கட்டுவது. பேட்டரி இல்லாமல் மின்வாரிய இணைப்போடு சேர்ந்த அமைப்பு, லைனில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க, கரண்ட் நின்ற உடனே தானும் நின்றுவிடும். பவர்கட் நேரத்திலும் வேண்டும் என்றால் பேட்டரியோடு கேட்டு வாங்கவேண்டும்.

பேனல் மீது தூசி படிந்தால் உற்பத்தி இறங்கும். வெயில் ஏறும் முன் காலையிலேயே, உப்பில்லாத தண்ணீர் விட்டு மென்மையான துணியால் துடையுங்கள். உப்பான போர் தண்ணீர் வெள்ளைப் படலம் விட்டுப் போகும். இன்வெர்ட்டரிலோ அதன் செயலியிலோ மாதா மாதம் உற்பத்தி எத்தனை யூனிட் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். போன ஆண்டு இதே மாதத்தைவிடச் சட்டென்று குறைந்திருந்தால், வாரண்டி இருக்கும்போதே நிறுவியவரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.