ஸ்பீடுயினோ ஈசியுவில் ஐடில் ஏறி இறங்கினால்: பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து வீடுகளில் பழைய டொயோட்டா காங்க்வெஸ்ட்டையோ சிட்டி கோல்ஃபையோ பேணி வைத்திருப்பவர்கள், அசல் ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) செத்துவிட்டாலோ கார்புரேட்டரை விட்டு இன்ஜெக்‌ஷனுக்கு மாற விரும்பினாலோ, ஆர்டுயினோ மெகா 2560 என்ற சிறு மின்னணுப் பலகையில் ஓடும் ஸ்பீடுயினோ என்ற ஈசியுவைத் தாங்களே கட்டிப் பொருத்திக்கொள்ள முடிகிறது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடும், இழுவையும் வந்துவிடும். ஆனால் ரோபோட்டில் (போக்குவரத்து விளக்கில்) வண்டி ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காத நிலையில், நிற்கும்போது ஆர்பிஎம் 700க்கும் 1400க்கும் நடுவே ஏறி இறங்கும், அல்லது கிளட்ச்சை மிதித்ததும் எஞ்சின் அணைந்துபோகும். அப்போது பெரும்பாலும் எல்லோரும் முதலில் கை வைப்பது பிஐடி எண்களின் மேல்தான், அதாவது இலக்கு ஆர்பிஎம்மிலிருந்து விலகுவதை எவ்வளவு, எவ்வளவு வேகமாகத் திருத்துவது என்று முடிவுசெய்யும் எண்களின் மேல்தான். அது கடைசியாகக் கை வைக்க வேண்டிய இடம் என்பது என் உறுதியான கருத்து. ஃபர்ம்வேர் (பலகையில் ஓடும் நிரல்) தவறான கட்டளை தருகிறதா, சரியான கட்டளை எஞ்சினிடம் போய்ச் சேரவில்லையா என்பதை முதலில் பிரித்துவிட வேண்டும். இதைப் பிரிக்காமல் மாற்றுகிற ஒவ்வொரு எண்ணும் பழுதை இன்னும் ஆழத்தில் மறைத்துவிடும்.

பிரிக்கும் சோதனை எளியது. எஞ்சினை 80 டிகிரிக்கு மேல் சூடாக்குங்கள். ஈசியுவின் அமைப்புகளை லேப்டாப்பில் மாற்றும் டியூனர்ஸ்டுடியோ மென்பொருளில் ஐடில் கட்டுப்பாட்டை ஓப்பன் லூப் முறைக்கு (ஆர்பிஎம்மைப் பார்த்துத் திருத்தாத முறைக்கு) மாற்றி, வெப்பநிலை அட்டவணையின் எல்லாக் கட்டங்களிலும் ஒரே டியூட்டி எண்ணைப் (ஐடில் காற்றை விடும் வால்வுக்கு மின்சாரம் தரும் நேரத்தின் சதவீதம்) போடுங்கள். படிப்படியாக நகரும் ஸ்டெப்பர் வால்வாக இருந்தால் ஒரே படி எண்ணிக்கையைப் போடுங்கள். ஆக்சிஜன் சென்சார் திருத்தம், ஆக்சிலரேட்டரை விட்டதும் பெட்ரோலை நிறுத்தும் வசதி, ஐடிலுக்கான தனி இக்னிஷன் அட்வான்ஸ் ஆகிய மூன்றையும் அணைத்துவிடுங்கள். வால்வு இப்போது அசையாத ஒரு துவாரம் மட்டுமே. இந்த நிலையிலும் ஆர்பிஎம் ஏறி இறங்கினால், ஐடில் கட்டுப்பாட்டு நிரலின் மேல் குற்றமில்லை. காற்று, பெட்ரோல், பொறி ஆகியவற்றில்தான் தேட வேண்டும். ஏறி இறங்குவது நின்றுவிட்டால், நீங்கள் அணைத்தவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் நோய் திரும்புகிறதோ அதுவே காரணம்.

வால்வை அசையாமல் வைத்தும் எஞ்சின் நிலைகொள்ளாதபோது பார்க்க வேண்டியவை பழைய மெக்கானிக் வேலைகளே: இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட்டிலும் வேக்குவம் குழாய்களிலும் கசிவு, கரி பிடித்த த்ராட்டில் தட்டு, அளவுக்கு மீறித் திருகப்பட்ட த்ராட்டில் ஸ்டாப் திருகு. டைமிங் லைட்டை வைத்து, ஈசியு காட்டும் டிகிரியும் புல்லியில் தெரியும் டிகிரியும் ஒன்றா என்று கட்டாயம் பாருங்கள். அது 10 டிகிரி பிசகியிருந்தால் பிறகு செய்யும் எதுவும் பொருள்படாது.

இவை சரியாக இருந்தும் ஆட்டம் தொடர்ந்தால், ஆர்பிஎம்முக்கும் மேனிஃபோல்டு அழுத்தத்துக்கும் ஏற்பப் பெட்ரோல் அளவை முடிவுசெய்யும் விஇ அட்டவணையின் ஐடில் கட்டங்களை ஐயப்படுங்கள். மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துப் பெட்ரோலைக் கணக்கிடும் முறையில் ஆர்பிஎம் சற்று இறங்கினால் அழுத்தம் சற்று ஏறும். கணக்கு பக்கத்துக் கட்டத்துக்கு நகரும். அந்தக் கட்டத்தில் பெட்ரோல் குறைவாக இருந்தால் எஞ்சின் இன்னும் தளர்ந்து விழும், பிறகு வேறொரு கட்டத்துக்குப் போய் மீண்டு எழும், மறுபடி விழும். வால்வுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஆகவே ஐடில் நடக்கும் கட்டத்தைச் சுற்றியுள்ள கட்டங்களைச் சமன் செய்து, ஆர்பிஎம் குறையும் பக்கத்தில் கலவை மெலியாமல், ஓர் இழை செறிவாகவே இருக்கும்படி வையுங்கள். ஹெட்லைட்டும் ஃபேனும் ஓடும்போது மட்டும் எஞ்சின் தளர்கிறது என்றால், பேட்டரி மின்னழுத்தத்துக்கு ஏற்ப இன்ஜெக்டர் திறக்கும் தாமதத்தைத் திருத்தும் அட்டவணையையும் பாருங்கள்.

இனி வால்வு. எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் போட்டு, டியூட்டியை 0 முதல் ஐந்தைந்தாக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் வால்வின் ஒரு குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். பாஷ் நிறுவனத்தின் இரு கம்பி வால்வுகளில் இந்தச் சோதனை ஒரு முக்கியமான உண்மையைக் காட்டும். மின்சாரமே இல்லாதபோது வால்வு முழுவதும் மூடியிருக்காது. கம்பி அறுந்தாலும் எஞ்சின் அணையாமல் இருக்கட்டும் என்று கொஞ்சம் திறந்தே இருக்கும்படி அதைச் செய்திருக்கிறார்கள். டியூட்டியை உயர்த்தத் தொடங்கியதும் காற்று முதலில் குறையும், ஓர் இடத்தில் மிகக் குறைவாகும், அதற்கு மேல்தான் கூடத் தொடங்கும். ஃபர்ம்வேருக்கோ இந்த வளைவு தெரியாது. டியூட்டியைக் குறைத்தால் காற்று குறையும் என்றே அது நம்புகிறது. ஆர்பிஎம் அதிகமாக இருக்கும்போது குளோஸ்டு லூப் (ஆர்பிஎம்மைப் பார்த்துத் தானே திருத்தும் முறை) டியூட்டியைக் குறைத்துக்கொண்டே போய் அந்தத் திருப்புமுனையைத் தாண்டிவிட்டால், ஒவ்வொரு குறைப்பும் காற்றைக் கூட்டும். டியூட்டி அடிமட்டத்தில் சிக்கிக்கொண்டிருக்க, எஞ்சினோ உயர்ந்த ஆர்பிஎம்மில் இரைந்துகொண்டிருக்கும். எந்தப் பிஐடி எண்ணாலும் இதைத் தீர்க்க முடியாது. காற்று மிகக் குறைவாக வரும் டியூட்டியைக் குறித்துக்கொண்டு, குறைந்தபட்ச டியூட்டி வரம்பை அதற்குச் சற்று மேலே வைப்பதே மருந்து.

பிடபிள்யூஎம் அதிர்வெண்ணையும் (வால்வுக்கு மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதையும்) இதே வேளையில் சரிபார்த்துவிடலாம். வால்வின் உடலை விரல்களால் பற்றிக்கொண்டால் சீரான மெல்லிய அதிர்வு தெரிய வேண்டும். தட்டுத் தட்டாக உதைத்தால் அதிர்வெண் குறைவு, டியூட்டியை மாற்றியும் வால்வு அசையாமல் கிடந்தால் மிகுதி. வால்வுக்கு வால்வு இது மாறும். சுருளுக்குக் குறுக்கே ஃப்ளைபேக் டயோடு இருக்கிறதா என்றும் உறுதி செய்யுங்கள். அது இல்லையென்றால் ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் எழும் மின்னழுத்த வீச்சு வால்வை இயக்கும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரைத் தாக்கும், கிராங்க் சென்சார் கம்பியிலும் இரைச்சலாக ஏறக்கூடும். டியூனர்ஸ்டுடியோவில் சிங்க் இழப்பு (கிராங்க் சென்சாரின் சமிக்ஞையை ஈசியு தவறவிடுவது) எண்ணிக்கை ஐடிலில் ஏறிக்கொண்டிருந்தால் அது நல்ல தடயம். பிளஃப், மெரேபேங்க் போன்று கடற்காற்று படும் இடங்களில் நிற்கும் வண்டிகளுக்கு, கனெக்டர் பின்களில் பச்சைப் பூப்பு இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஸ்டெப்பர் வால்வின் சிக்கல் வேறு வகை. அது எங்கே நிற்கிறது என்பதை ஃபர்ம்வேர் அளப்பதில்லை, எண்ணிக்கொண்டு மட்டுமே இருக்கிறது. தொடங்கும்போது வால்வை ஒரு முனைக்குத் தள்ளி அதைச் சுழியாகக் கொள்ளும். அதன் பிறகு ஒரு படி தவறினாலும் அதற்குத் தெரியாது. ஒரு படிக்கான நேரம் மிகக் குறைவாக இருந்தாலும், டிரைவர் சில்லின் மின்னோட்ட வரம்பு குறைவாக இருந்தாலும், ஸ்டார்ட்டர் சுழலும்போது மின்னழுத்தம் சரிந்தாலும் படிகள் தவறும். லேப்டாப்பை யுஎஸ்பி வழியாக இணைத்தபடி சோதிப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. சாவியை அணைத்தாலும் மெகா பலகை யுஎஸ்பியின் 5 வோல்ட்டில் உயிரோடு இருக்கும், ஆனால் மோட்டாருக்கு 12 வோல்ட் இருக்காது. அந்த நேரத்தில் ஃபர்ம்வேர் அனுப்பும் படிகள் எல்லாம் வீணாகிவிடும். கணக்கில் மட்டும் ஏறிவிடும். மறுபடி சாவி போட்டாலும் பலகை ரீசெட் ஆகாததால் சுழிக்குத் திரும்பும் வேலையும் நடக்காது. மின்சாரத்தை அணைத்துப் போட்டால்தான் செயல்படும் அமைப்புகளை மாற்றும்போதும் இதே கதைதான். யுஎஸ்பி கம்பியையும் உருவிவிட்டு, பிறகு தொடங்குங்கள்.

இவ்வளவும் தேறிய பிறகுதான் ஃபர்ம்வேர் முறை வருகிறது. ஸ்பீடுயினோ வெளியீடுகள் ஆண்டையும் மாதத்தையும் சேர்த்து 202305 என்பதுபோல் எண்ணிடப்படுகின்றன. பலகையில் இருக்கும் வெளியீடும் எந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று அறிய டியூனர்ஸ்டுடியோ பயன்படுத்தும் ஐஎன்ஐ கோப்பும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் நீங்கள் எழுதும் மதிப்பு வேறோர் அமைப்பின் இடத்தில் போய் உட்காரக்கூடும். புதிய வெளியீட்டை ஏற்றும் முன் பழைய டியூனைச் (உங்கள் அமைப்புகளின் தொகுப்பை) சேமியுங்கள். ஏற்றிய பின் ஐடில் பக்கத்தை வரிவரியாக ஒப்பிடுங்கள்.

அடுத்து, குளோஸ்டு லூப்பைப் போட்டு ஒரு லாக் (ஓட்டப் பதிவு) எடுங்கள். ஆர்பிஎம், இலக்கு ஆர்பிஎம், ஐடில் லோடு (வால்வுக்குப் போகும் கட்டளை) ஆகிய மூன்று கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் பழுது தானே வெளிப்படும். ஐடில் லோடும் ஆர்பிஎம்மும் ஒரே தாளத்தில், ஒன்றுக்கு ஒன்று சற்றுப் பின்தங்கி ஆடினால் பிஐடி அளவுக்கு மீறி வேகமாக இருக்கிறது. வால்வு திறந்த பிறகு மேனிஃபோல்டு நிறைந்து எஞ்சின் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்குள் இன்னொரு திருத்தம் போனால் ஆட்டம் நிற்காது. பிஐடியின் மூன்று எண்களில் டியை (விலகல் மாறும் வேகத்துக்கான திருத்தம்) 0 ஆக்கி, ஐயைப் (இன்டெக்ரல், சேர்ந்துவந்த விலகலுக்கான திருத்தம்) பாதியாக்கி, பியை (இப்போதைய விலகலுக்கான திருத்தம்) மட்டும் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். விரைவான திருத்தத்தை இக்னிஷனிடம் விடுவதே சிறந்தது. இலக்கு 900 என்றால் அங்கே 12 டிகிரி, 800ல் 16, 1000ல் 9 என்பதுபோல் வைத்தால், காற்று வந்து சேருமுன்பே பொறி எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும்.

கிளட்ச்சை மிதித்ததும் அணையும் நோய்க்குக் காரணம் பெரும்பாலும் இன்டெக்ரல் சேர்ந்துபோவதுதான். சரிவில் கியரில் உருளும்போது த்ராட்டில் மூடியிருக்கும், ஆனால் ஆர்பிஎம் இலக்கைவிட வெகு மேலே இருக்கும். ஐ பகுதி வால்வை மூடிக்கொண்டே போகும். கிளட்ச் பிரிந்ததும் காற்றில்லாமல் எஞ்சின் சரிந்துவிடும். ஓப்பன் லூப்பும் குளோஸ்டு லூப்பும் இணைந்த முறைக்கு மாறுங்கள். வெப்பநிலை அட்டவணை அடிப்படைக் காற்றைத் தரும், பிஐடி அதைச் சுற்றிச் சிறு திருத்தம் மட்டும் செய்யும். பெட்ரோல் நிறுத்தும் வசதி திரும்பப் பெட்ரோல் தரும் ஆர்பிஎம்மையும் இலக்கிலிருந்து தாராளமாகத் தள்ளி வையுங்கள். இரண்டும் நெருங்கினால் அதுவே ஓர் ஆட்டத்தை உண்டாக்கும்.

டர்பனில் சீராக நின்ற ஐடில் ஜோஹன்னஸ்பர்க்கில் தளர்ந்தால் அது ஃபர்ம்வேர் பழுது அல்ல. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். சுமார் 1750 மீட்டர் உயரத்திலுள்ள ஜோஹன்னஸ்பர்க்கில் அது சுமார் 82. ஐடிலில் வால்வுக்குப் பின்னே அழுத்தம் மிகக் குறைவாக இருப்பதால், உள்ளே போகும் காற்றின் எடை வெளி அழுத்தத்துக்கு ஏற்பவே அமையும். ஆக, அதே திறப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைந்துவிடும். அட்டவணையின் சூடான கட்டங்களை டர்பனில் மட்டாக வைத்துவிட்டு, குறையைப் பிஐடி பார்த்துக்கொள்ளும் என்று அதிகபட்ச டியூட்டி வரம்பை நெருக்கிப் பிடித்தால், மேலே அதற்குக் கைநீட்ட இடமிருக்காது. டர்பனில் ஐடில் நிலைகொள்ளும் திறப்பைவிட இன்னும் கால் பங்காவது கூடத் திறக்க வரம்பு இடம் தர வேண்டும். தனிக் காற்றழுத்த சென்சார் இல்லாத பலகை, தொடங்கும்போது மேப் சென்சாரில் (மேனிஃபோல்டு அழுத்த சென்சாரில்) படித்த வெளி அழுத்தத்தையே வைத்துக்கொள்ளும். ஆகவே டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் போகும் என்3 சாலையில் மேலே ஏறும்போது ஹாரிஸ்மித்தில் பெட்ரோல் போட நிற்கையில் எஞ்சினை அணைத்து, பலகை முழுவதும் அடங்கிய பின் மீண்டும் தொடங்கி, மேனிஃபோல்டு அழுத்தமும் காற்றழுத்தமும் எஞ்சின் ஓடாதபோது ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பயணத்தைத் தொடருங்கள்.