பழைய மெர்சிடிஸ் டீசல் காரில் குளோ பிளக் மின்கோளாற்றைக் கண்டறிதல்

மெர்சிடிஸ் டபிள்யூ123 வரிசையின் 300டி காரிலுள்ள ஐந்து சிலிண்டர் இன்ஜின் முன்னறை வகையைச் (எரிபொருள் முதலில் ஒரு சிறிய அறையில் எரியத் தொடங்கும் வகை) சேர்ந்தது என்பதால், குளிர்ந்த நிலையில், அந்த அறையை மின்சாரத்தால் சூடாக்கும் குளோ பிளக்குகள் சூடேறாமல் அது எளிதில் கிளம்பாது. கிளம்பியபின் சிறிது நேரம் குலுங்கி, வெண்புகை விட்டுச் சீரானால், பெரும்பாலும் ஓரிரு பிளக்குகளே பழுதாகியிருக்கும். எதுவுமே சூடேறவில்லை எனில், பிளக்குகளுக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்சுவிட்சான ரிலேயிலிருந்து தொடங்குவதே முறை.

ரிலேயின் மூடியைக் கழற்றினால் 80 ஆம்பியர் பட்டை ஃபியூஸ் தெரியும். பார்வைக்கு முழுதாக இருக்கும் பட்டையிலும் மயிரிழை விரிசல் இருக்கக்கூடும் என்பதால், கண்ணை நம்பாமல், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரால் அதன் மின்தொடர்ச்சியைச் சோதியுங்கள். இரு திருகுகளும் இறுக்கமாக உள்ளனவா என்றும் பாருங்கள். அறுந்த பட்டைக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றி ஒப்பேற்றுவது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

அடுத்து, ரிலேயிலிருந்து பிளக்குகளுக்குச் செல்லும் கனெக்டரைப் பிடுங்கி, அதன் ஒவ்வொரு முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையிலான மின்தடையை அளவிடுங்கள். மீட்டர் கம்பிகளின் சொந்தத் தடையைக் கழித்தபின் ஏறத்தாழ 1 ஓம் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் பிளக் நலம். அளவே காட்டாவிட்டால் பிளக்கோ அதன் கம்பியோ அறுந்துள்ளது. எது என்பதை அறிய, பிளக்கின் தலையிலேயே மீண்டும் அளந்து பாருங்கள். 1980க்கு முந்தைய, சுருள் முனை கொண்ட பிளக்குகள் தொடர் இணைப்பில் இருப்பதால், அவற்றில் ஒன்று அறுந்தாலும் அனைத்தும் செயலிழக்கும்.

பழுதான பிளக்கை இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது, அவசரப்படாமல் கழற்றுங்கள். கரி இறுகிய பிளக் பலவந்தத்தில் உடைந்தால் செலவு பன்மடங்காகும்.