நெல்லைக்காரர் ஃப்ளை ஃபிஷிங் தொடங்க

மண்புழு, தக்கை, ஈயக்குண்டு கட்டி விரால் பிடித்த கைக்கு ஃப்ளை ராட் முதலில் சுத்தமாகப் பிடிபடாது. சாதாரணத் தூண்டிலில் குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் ஃப்ளை என்பது பூச்சி மாதிரி முள்ளில் சுற்றிய இறகும் நூலும்தான், அதற்கு எடையே கிடையாது, தடித்த லைன்தான் அதைச் சுமந்து போக வேண்டும். அதனால் மீனை மறந்துவிட்டு முதலில் வீசப் படியுங்கள்.

9 அடி ராட், 6-ம் எண் (அது தாங்கும் லைனின் எடையைக் குறிக்கும் எண்), அதே எண்ணில் மிதக்கும் லைன், லைன் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பான லீடர் 9 அடி, போதும். 5-ம் எண்தான் நல்லது என்பார்கள், நம் ஊர்க் காற்றுக்கு 6 தாங்கும். ரீலுக்குக் காசைக் கொட்ட வேண்டாம், இந்த அளவு மீனுக்கு அது லைன் சுற்றி வைக்கும் டப்பா மட்டுமே.

புல் உள்ள மைதானத்தில் முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் துண்டு கட்டிப் பழகுங்கள். பிசானம் அறுத்த வயல் காலியாகத்தானே கிடக்கிறது என்று இறங்கினால் நெல் அடித்தாளில் லைன் சிக்கிச் சிக்கியே பொழுது போய்விடும். தார் ரோடு வேண்டவே வேண்டாம், லைன் தேய்ந்துவிடும். ராடை மெதுவாக எடுத்து, வேகம் கூட்டி, கடிகாரத்தில் 1 மணி இருக்கும் இடத்தில் சட்டென நிறுத்துங்கள், பின்னால் லைன் நீளும்வரை பொறுங்கள், அப்புறம் முன்னால் 10 மணியில் நிறுத்துங்கள். மணிக்கட்டு மடங்கக் கூடாது. சாட்டை மாதிரி 'சடார்' என்று கேட்டால் நீங்கள் பொறுக்கவில்லை. 30 அடி நேராகப் போனால் ஆற்றுக்குப் போகலாம்.

அங்கே இரண்டு தொல்லை. ஒன்று மருத மரம். பின்னால் கிளை இருந்தால் லைனைப் பின்னுக்கு வீசாமல், தண்ணீரிலேயே இழுத்து வந்து முன்னால் உருட்டிவிடும் ரோல் காஸ்ட் பழகுங்கள், தாமிரபரணிக் கரையில் பாதி நேரம் அதுதான் கைகொடுக்கும். இன்னொன்று ஆனி, ஆடி மேல்காற்று. வலதுகைக்காரர் வடகரையில் நின்றால் காற்று வலப்பக்கமிருந்து அடித்து முள்ளைக் காதுக்கே கொண்டு வரும், தென்கரைக்குப் போய்விடுங்கள். தொப்பியும் கண்ணாடியும் எப்போதும் வேண்டும். நிதானமாகத் தொடங்க தை, மாசிதான் சரியான காலம், காற்றும் அடங்கியிருக்கும்.

முதல் மீனாக ஜிலேபியை வையுங்கள். ஓட்டம் இல்லாத ஓரத்தில் 12-ம் எண் முள்ளில் கட்டிய சின்ன நிம்ஃபை (தண்ணீருக்குள் வாழும் இளம்பூச்சி மாதிரி கட்டிய ஃப்ளை) மூழ்கவிட்டு, இடது கையால் விரல் நீளம் விரல் நீளமாக லைனை இழுங்கள். வெடுக்கென்று கடிக்காது, லைன் லேசாக நின்றாலே இழுத்துவிட வேண்டும். விராலுக்குத் தண்ணீர் மேலே மிதந்து, இழுத்தால் சத்தம் போடும் பாப்பர் என்ற ஃப்ளை, அது வேறு பாடம்.

எங்கே போகலாம் என்பதும் முக்கியம். பாபநாசம் கோயில் படித்துறையில் சனங்கள் பொரி போடும் மீனிடம் வேலை காட்டாதீர்கள். அதற்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், தூண்டிலோடு நுழையவே கூடாது. குளங்கள் பெரும்பாலும் மீன் குத்தகையில் இருக்கும், குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டு நில்லுங்கள். ஆற்றில் அணைத் தண்ணீர் திறந்தால் மட்டம் ஏறும், நடுப்பாறையில் நிற்கிறவர் கரையைப் பார்த்துக்கொண்டே வீசுங்கள்.