உட்கரு உறையைச் சுவர் என்று எழுதாதீர்கள்

காரைக்குடியில் பதினொன்றாம் வகுப்பு உயிரியல் விடைத்தாள்களைத் திருத்துகிறேன். "உட்கரு உறை என்பது உட்கருவைப் பாதுகாக்கும் சுவர்." இந்த வரி ஆண்டுதோறும் வருகிறது. கூடவே ஒற்றைக் கோட்டில் ஒரு வட்டம். உட்கரு, செல்லுக்குள் டி.என்.ஏ. இருக்கும் அறை; அதைச் சூழ்ந்த உறையில் இருப்பவை இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வு, செல்லுக்குள் பரவிய சவ்வு வலையான எண்டோபிளாச வலையோடு தொடர்ச்சியாக இருக்கிறது, நம் ஊர் வளவு வீட்டின் தாழ்வாரம் இரண்டாம் கட்டுக்கு நீள்வதைப் போல.

அடுத்தது, உறையில் உள்ள துளை என்றதும் சல்லடையை நினைப்பது. ஏறத்தாழ 30 வகைப் புரதங்கள் சேர்ந்து கட்டிய வாசல் அது. நம் ஊர் வீடுகளில் முற்றத்துக்குக் குருவி யாரையும் கேட்காமல் வரும். திண்ணையில் அமர்ந்த புதியவரை வீட்டார் ஒருவர்தான் உள்ளே அழைத்து வருவார். சிறு மூலக்கூறுகள் குருவிகள். சுமார் 40,000 டால்டனுக்கு (மூலக்கூறு நிறையின் அலகு) மேற்பட்ட புரதங்களுக்கு அடையாளக் குறி வேண்டும். அதைக் கண்டுகொண்டு உள்ளே கூட்டிச் செல்வது இம்போர்ட்டின் என்ற புரதம். உவமை ஓரிடத்தில் நொண்டுகிறது: செல்லில் குருவிக்கும் விருந்தாளிக்கும் வாசல் ஒன்றுதான்.

என்னை அதிகம் வருத்தும் தவறு, "உட்கருவில் புரதம் தயாராகிறது" என்பது. அங்கே தயாராவது டி.என்.ஏ.வைப் பார்த்து எழுதப்படும் ஆர்.என்.ஏ.; அதைப் படித்து ரைபோசோம் புரதம் தயாரிப்பது வெளியே, சைட்டோபிளாசத்தில். பாக்டீரியாவில் உறை இல்லை; ஆர்.என்.ஏ. எழுதி முடியும் முன்பே ரைபோசோம் அதன்மேல் ஏறிப் படிக்கத் தொடங்கிவிடுகிறது. நம் செல்லிலோ புரதத்துக்கான செய்தியைச் சுமக்கும் தூதுவ ஆர்.என்.ஏ.வில் இடையிடையே வரும் இன்ட்ரான் பகுதிகளை வெட்டி நீக்கி, மீதியை ஒட்டிச் செப்பனிட்ட பிறகே வெளியே அனுப்புகிறார்கள். அந்த அவகாசத்தைத் தருவது உறை. டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்கள்கூட வெளியே தயாராகி உள்ளே வருபவைதான். ரைபோசோமின் கதை இன்னும் வேடிக்கை: அதன் புரதங்கள் வெளியே பிறந்து, உள்ளே போய், உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸ் என்ற பகுதியில் துணை அலகுகளாகக் கோக்கப்பட்டு மீண்டும் வெளியே வருகின்றன.

"உறை செல்லை ஒழுங்குபடுத்துகிறது" என்று எழுதிவிட்டு எப்படி என்று சொல்லாமல் விடுவதும் தவறே. என்.எஃப்.-கப்பா பி என்ற புரதத்தை ஒரு தடுப்புப் புரதம் சைட்டோபிளாசத்திலேயே பிடித்து வைத்திருக்கும். நோய்த்தொற்றுச் செய்தி வந்ததும் தடுப்பு சிதைக்கப்படுகிறது. விடுபட்ட என்.எஃப்.-கப்பா பி உட்கருவுக்குள் நுழைந்து எதிர்ப்புக்கான மரபணுக்களை இயக்குகிறது. ஆள் முன்பே தயார், நுழைவுதான் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. இந்த ஓர் எடுத்துக்காட்டை எழுதினாலே முழு மதிப்பெண் போட்டுவிடுவேன்.

உறை எப்போதும் இருக்கும் என்றும் எழுதாதீர்கள். விலங்குச் செல் பிரியும்போது அது கலைந்து, பிரிவின் கடைசிக் கட்டமான டீலோஃபேஸில் மீண்டும் கூடுகிறது. ஈஸ்ட்டிலோ உறை கலையாமலே பிரிவு முடிந்துவிடும் என்று சொன்னால், பின்வரிசையில் யாராவது ஒருவர் இட்லி மாவைப் பற்றிக் கேட்பார்.