ஒன்ராறியோ உயர்நிலைப் பாடசாலை: வரும் பிள்ளைக்கும் அனுப்பும் பெற்றோருக்கும்

ஊரில் படிப்பு என்றால் கடைசியில் வரும் ஒரு பெரிய பரீட்சை. உயர் தரமோ பிளஸ் டூவோ, அந்தச் சில மணி நேரங்களில்தான் விதி எழுதப்படுகிறது. ஆண்டு முழுவதும் அசட்டையாக இருந்துவிட்டு, கடைசி இரண்டு மாதம் விடிய விடியப் படித்துத் தப்பித்தவர்கள் நம் குடும்பங்களில் நிறையப் பேர். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்கு உயர்நிலைப் பாடசாலை மாணவராக வரும் பிள்ளை முதலில் கைவிட வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான்.

இங்கே ஒரு பாடத்தின் மதிப்பெண்ணில் 70 சதவீதம் பருவம் நெடுகிலும் செய்யும் வேலையிலிருந்து வருகிறது: சிறு தேர்வுகள், கட்டுரைகள், ஆய்வுக்கூட அறிக்கைகள், வகுப்பின் முன் நின்று பேசுவது. முடிவில் வரும் பரீட்சைக்கோ செயல்திட்டத்துக்கோ 30 சதவீதம்தான். பெரும்பாலான பாடசாலைகளில் செப்டெம்பர் முதல் ஜனவரி வரை நான்கு பாடங்கள், பெப்ரவரி முதல் ஜூன் வரை வேறு நான்கு. ஒவ்வொரு பாடமும் 110 மணி நேரம்; தேறினால் ஒரு கிரெடிட், அதாவது முடித்த பாடத்துக்கான ஓர் அலகு. உயர்நிலைப் பாடசாலையை முடித்ததற்கான டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட் வேண்டும். "முதலில் ஊர் பழகட்டும், தீபாவளி கழிந்ததும் படிக்கலாம்" என்று விட்டால், தீபாவளி வரும்போது பாடத்தில் மூன்றில் ஒரு பங்காவது முடிந்திருக்கும்.

அடுத்தது பாடத் தெரிவு. பெற்றோர் கவனம் செலுத்த வேண்டிய இடம் இதுதான். பலரும் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போவதும் இங்கேதான். 11, 12ஆம் வகுப்புகளில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்தெழுத்துக் குறியீடு உண்டு. அதன் கடைசி எழுத்தைப் பாருங்கள். யு என்றால் பல்கலைக்கழகத்துக்கான பாடம், சி என்றால் டிப்ளோமா தரும் கல்லூரிக்கானது, எம் இரண்டுக்கும் பொது, ஈ நேரே வேலைக்குப் போகிறவர்களுக்கு, ஓ எல்லோருக்கும். பொறியியல் படிக்க நினைக்கும் பிள்ளை 11ஆம் வகுப்பில் எம்சிஆர்3யு கணிதத்தை எடுத்தால்தான் அடுத்த ஆண்டு எம்எச்எஃப்4யு என்ற 12ஆம் வகுப்புக் கணிதம், அதன் பின் நுண்கணிதம் என்று வழி நேராகப் போகும். சுலபமாக இருக்கிறதே என்று சி பாடத்தை எடுத்துவிட்டு, 12ஆம் வகுப்பில் பல்கலைக்கழக விண்ணப்பத்தைத் திறக்கும்போதுதான் கதவு அடைபட்டிருப்பது சிலருக்குத் தெரிகிறது. பாடசாலையின் வழிகாட்டல் ஆலோசகரிடம் முதல் மாதமே நேரம் கேளுங்கள். அவரே கூப்பிடுவார் என்று காத்திருக்க வேண்டாம். அவர் கையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள்.

இனி ஆங்கிலம். புதிதாக வரும் பிள்ளைக்கு ஆங்கிலத்திலும் கணிதத்திலும் மதிப்பீடு நடக்கும். அதன்படி ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் ஈஎஸ்எல் வகுப்பில் சேர்க்கலாம். ஏ முதல் ஈ வரை ஐந்து நிலைகள். இதைக் கேட்டதும் முகம் சுருங்கும் பெற்றோர் உண்டு. "எங்கள் பிள்ளை ஆங்கில மீடியத்தில் படித்தது" என்று அலுவலகத்தில் வாதாடுவார்கள். வேண்டாம். கட்டாயமான நான்கு ஆங்கிலக் கிரெடிட்டுகளில் மூன்று வரை ஈஎஸ்எல் மூலம் பெறலாம். நான்காவது மட்டும் 12ஆம் வகுப்பின் கட்டாய ஆங்கிலப் பாடமாக இருக்க வேண்டும். புதிதாக வந்தவர்களைப் பார்த்துப் பழகிய ஆசிரியர், தவறாகப் பேசினாலும் சிரிக்காத வகுப்பு. முதல் ஆண்டில் இதைவிட நல்ல இடம் கிடைக்காது. காலக் கணக்கைப் பார்க்காமல் இருப்பதுதான் ஆபத்து. 16 வயதில் வந்து பி நிலையில் தொடங்கினால், கோடைக்கால வகுப்போ கூடுதலாக ஓர் ஆண்டோ தேவைப்படலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நம் பிள்ளைகளுக்கு இலக்கணம் அநேகமாகத் தெரியும். திணறுவது வேறிடத்தில்: "நீ என்ன நினைக்கிறாய், ஏன்?" என்ற கேள்வியில். மனப்பாடம் செய்த கட்டுரை ஊரில் மதிப்பெண் வாங்கித் தந்திருக்கலாம். இங்கே பிறர் எழுதியதை மூலம் சொல்லாமல் எடுத்தால் அது திருட்டு. பூச்சியம் கூட விழலாம். செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்குவதும் அப்படியே. விமானம் ஏறுவதற்கு முந்தைய மாதங்களில் இலக்கணப் புத்தகத்தை மூடிவிட்டு, தினமும் ஒரு பத்தி எழுதட்டும்: ஒரு கருத்து, அதற்கு ஓர் ஆதாரம், ஒரு விளக்கம். அதையே வீட்டார் முன் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லட்டும். கனடாவின் பொது ஒலிபரப்பான சிபிசி வானொலியைக் கேட்டால் இங்குள்ள பேச்சின் வேகம் காதுக்குப் பழகும்.

டிப்ளோமாவுக்கு 40 மணி நேரச் சமூகப் பணியும், வாசிக்கவும் எழுதவும் தெரிகிறதா என்று பார்க்கும் எழுத்தறிவுத் தேர்வும் தேவை. நூலகம், உணவு வங்கி, கோயில் என்று எங்கும் தொண்டு செய்யலாம், ஆனால் பாடசாலை ஏற்கும் பணிதானா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இடையில் வந்து சேர்பவருக்கு எத்தனை மணி நேரம் என்பதைப் பாடசாலை அதிபர் முடிவு செய்வார். எழுத்தறிவுத் தேர்வு வழக்கமாக 10ஆம் வகுப்பில். ஈஎஸ்எல் மாணவர் தள்ளிவைக்கக் கேட்கலாம்.

பெற்றோர் இல்லாமல் தனியே வரும் 17 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கனடாவில் ஒரு பாதுகாவலர் வேண்டும். பெயருக்குக் கையெழுத்துப் போடும் மாமா போதாது. பிள்ளை வகுப்புக்கு வரவில்லை என்று பாடசாலை அழைக்கும்போது போனை எடுக்கும் மாமா வேண்டும்.

மதிப்பெண் சான்றிதழ்கள், தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் அவற்றின் மொழிபெயர்ப்பு, தடுப்பூசி அட்டை ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். ஊரில் படித்ததற்கு எத்தனை கிரெடிட் தருவது என்று அதிபர் அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் கணிக்கிறார். ஆண்டு வாரியான அறிக்கைகளும் பாடத்திட்டமும் இருந்தால் இன்னும் நல்லது.

பலருக்கும் தெரியாத ஒன்று: தமிழும் கிரெடிட் பாடம்தான். ரொறன்ரோப் பகுதியில் வழக்கமான பாடசாலை நேரத்துக்கு வெளியே நடக்கும் தமிழ் வகுப்புகளில் பெறும் கிரெடிட், டிப்ளோமாவுக்கான அந்த 30 கிரெடிட்டில் சேரும். புது ஊரில் எல்லாம் தடுமாறும் பருவத்தில் பிள்ளை தலைநிமிர்ந்து உட்காரும் ஒரு வகுப்பாவது இருக்கும். இடங்கள் நிரம்புவதற்குள் ஆலோசகரிடம் பதிவுப் படிவம் கேட்டு வாங்குங்கள்.