ஹாக்கி அணியின் ஒரு முழுத் தொடரை நோட்டில் பதிவது எப்படி? (பாரிஸ் 2024 இந்திய ஆண்கள் அணியை வைத்து)

பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா 19 கோல் போட்டதாக என் கணக்கு சொன்னது. உண்மையில் போட்டது 15. அந்த நான்கு கோல் எங்கிருந்து முளைத்தது என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுசாகப் போய்விட்டது. நீங்களும் அதே குழியில் விழ வேண்டாம் என்றுதான் இந்தப் பதிவு.

பெனால்டி கார்னருக்கும் பெனால்டி ஸ்ட்ரோக்குக்கும் வித்தியாசம் தெரியும், ஓர் ஆட்டம் 15 நிமிடம் வீதம் நான்கு கால்பகுதி என்பதும் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்குப் போகிறேன்.

என்னென்ன வேண்டும்

ஒரு நீள நோட்டு, பென்சில், அழிரப்பர். ஆட்டம் முடிந்த பிறகு கூகுள் ஷீட்ஸ். ஆட்டம் ஓடும்போதே போனில் தட்டச்சு செய்கிறேன் என்று கிளம்பாதீர்கள். நீங்கள் குனிந்து கட்டத்தைத் தேடுகிற நேரத்தில் கார்னர் அடித்து முடித்திருப்பார்கள். ஸ்கோர் செயலிகள் சிலவற்றையும் பார்த்தேன். கோல் வந்ததும் டிங் என்று சத்தம் போடுகின்றன, அது எப்படி வந்தது என்பதைச் சொல்வதில்லை. எனக்கு பென்சில்தான் சரிப்பட்டு வருகிறது.

படி 1: பதினாறு பேரை எழுதுங்கள்

ஒலிம்பிக்கில் ஓர் அணிக்கு 16 பேர்தான். உலகக் கோப்பைபோல 18 கிடையாது. பாரிஸுக்குப் போன பட்டியல் இது:

கோல்கீப்பர்: பி.ஆர்.ஸ்ரீஜேஷ்.
தடுப்பு: ஹர்மன்பிரீத் சிங் (கேப்டன்), அமித் ரோஹிதாஸ், ஜர்மன்பிரீத் சிங், சுமித், சஞ்சய்.
நடுக்களம்: மன்பிரீத் சிங், ஹர்திக் சிங், விவேக் சாகர் பிரசாத், ஷம்ஷேர் சிங், ராஜ்குமார் பால்.
முன்களம்: அபிஷேக், சுக்ஜீத் சிங், லலித் குமார் உபாத்யாய், மன்தீப் சிங், குர்ஜந்த் சிங்.

மாற்று வீரர்கள் நீலகண்ட சர்மா, ஜுக்ராஜ் சிங், கோல்கீப்பர் கிருஷண் பகதூர் பாட்டக். பயிற்சியாளர் தென்னாப்பிரிக்காவின் கிரேக் ஃபுல்டன்.

இரண்டு கீப்பரைக் கொண்டுபோனால் ஓட ஓர் ஆள் குறையும். அதனால் பதினாறில் ஒரே ஒரு கீப்பர். ஸ்ரீஜேஷ் பெயருக்குப் பக்கத்தில் நான் ஒரு நட்சத்திரம் போட்டுவைத்தேன். அவருக்கு விரல் பிசகினாலும் மொத்த அணிக்கும் வயிறு கலங்க வேண்டிய நிலை.

சட்டை எண்ணைப் பார்த்து இடத்தை ஊகிக்காதீர்கள். முதல் தடவை நான் எண் வரிசையில் அடுக்கிவிட்டு, 1-ஆம் எண் கீப்பரைத் தேடிக்கொண்டிருந்தேன். ஸ்ரீஜேஷின் எண் 16. தடுப்பில் நிற்கும் ஹர்மன்பிரீத்துக்கு 13, ரோஹிதாஸுக்கு 30. எண்ணுக்கும் இடத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்று, 'ஆட்டத்தைத் தொடங்கும் பதினொருவர்' என்ற பட்டியலுக்கு ஹாக்கியில் பெரிய மதிப்பு இல்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம், வெளியே போனவர் திரும்ப வரலாம். முன்கள வீரர்கள் சில நிமிடத்துக்கு ஒருமுறை பெஞ்சுக்கு வந்துகொண்டே இருப்பார்கள். அதனால் பதினொருவரைத் தனியாகப் பதிவதை நான் நிறுத்திவிட்டேன். பதினாறு பெயரையும் இடப்பக்கம் கீழ்நோக்கி எழுதி, ஆட்டத்துக்கு ஒரு கட்டம் வீதம் வலப்பக்கம் எட்டுக் கட்டம் போடுங்கள். அவ்வளவுதான்.

படி 2: ஆட்டத்துக்கு ஒரு வரி

ஜூலை 27, நியூசிலாந்து, 3-2 வெற்றி
ஜூலை 29, அர்ஜென்டினா, 1-1 டிரா
ஜூலை 30, அயர்லாந்து, 2-0 வெற்றி
ஆகஸ்ட் 1, பெல்ஜியம், 1-2 தோல்வி
ஆகஸ்ட் 2, ஆஸ்திரேலியா, 3-2 வெற்றி
ஆகஸ்ட் 4, கிரேட் பிரிட்டன், 1-1 (காலிறுதி)
ஆகஸ்ட் 6, ஜெர்மனி, 2-3 தோல்வி (அரையிறுதி)
ஆகஸ்ட் 8, ஸ்பெயின், 2-1 வெற்றி (வெண்கலம்)

ஷீட்டில் ஏற்றும்போது 3-2 என்று ஒரே கட்டத்தில் அடித்தால் அது பிப்ரவரி 3 என்று தேதியாக மாறி உட்கார்ந்துகொள்ளும். போட்டது ஒரு கட்டம், வாங்கியது ஒரு கட்டம் என்று பிரித்துவிடுங்கள். கூட்டுவதற்கும் அதுதான் வசதி.

லீக்கில், அதாவது முதல் ஐந்து ஆட்டங்களில், வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. இந்தியாவுக்கு 10 புள்ளி வந்தது. 13 புள்ளி எடுத்த பெல்ஜியத்துக்கு அடுத்து, இரண்டாவது இடம். ஆஸ்திரேலியாவை ஒலிம்பிக்கில் இந்தியா வென்றது 1972 மியூனிக்குக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அந்த வரிக்கு மட்டும் நான் சிவப்பு மை பயன்படுத்தினேன், பென்சில் விதியை மீறி.

படி 3: ஒவ்வொரு கோலுக்கும் ஒரு வரி (நான் வழுக்கி விழுந்த இடம்)

ஆட்டம், நிமிடம், அடித்தவர், வகை என்று நான்கு கட்டம். வகைக்கு மூன்று குறியீடு போதும். ஓடும் ஆட்டத்திலேயே போடும் ஃபீல்டு கோலுக்கு 'ஃபீ', பெனால்டி கார்னருக்கு (எதிரணி செய்த தப்புக்காகக் கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிக்கொடுத்து அடிப்பது) 'கா', ஸ்ட்ரோக்குக்கு 'ஸ்'.

காலிறுதியில் 60 நிமிடம் முடிந்தபோது 1-1. அப்புறம் ஷூட்-அவுட். ஹர்மன்பிரீத், சுக்ஜீத், லலித், ராஜ்குமார் பால் நான்கு பேரும் வரிசையாகப் போட்டார்கள். பிரிட்டன் தரப்பில் இரண்டு உள்ளே போனது, ஒன்று வெளியே போனது, ஒன்றை ஸ்ரீஜேஷ் தடுத்தார். 4-2. ஐந்தாவது ஆளுக்கு வேலையே இல்லை. நான் இருந்த உற்சாகத்தில் அந்த நான்கையும் நான்கு கோல் வரியாக எழுதி, 'ஸ்' என்றும் போட்டுவிட்டேன்.

இதில் இரண்டு தப்பு. ஷூட்-அவுட் என்பது ஸ்ட்ரோக் இல்லை. ஸ்ட்ரோக்கில் பந்தை 6.4 மீட்டர் தூரத்தில் வைத்து ஒரே தள்ளு. ஷூட்-அவுட்டில் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு ஓடிவந்து, 8 விநாடிக்குள் கீப்பரை ஏமாற்றிப் போட வேண்டும். ஏறிவரும் கீப்பரைச் சுற்றிக்கொண்டு போகலாம், தடுத்துத் திரும்பி வந்த பந்தை மறுபடி அடிக்கலாம். இது வேறு வித்தை.

இரண்டாவது தப்புதான் என் ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது. ஷூட்-அவுட்டில் போட்டது அணியின் கோல் கணக்கிலும் சேராது, வீரரின் கணக்கிலும் சேராது. ஆட்டத்தின் ஸ்கோர் 1-1 தான். எனக்குப் பொறி தட்டியது ஹர்மன்பிரீத்தின் எண்ணிக்கையில். தொடரிலேயே அதிக கோல் அவருடையது, எங்கு பார்த்தாலும் 10 என்றிருந்தது. என் ஷீட்டில் மட்டும் 11. அந்த ஒன்றைத் துரத்திப் போனபோதுதான் மற்ற மூன்றும் பிடிபட்டன. இப்போது ஷூட்-அவுட்டுக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனி இடம். கோல் பட்டியலுக்குள் அது நுழையவே கூடாது.

அடுத்த சிக்கல் ரீபவுண்ட். நியூசிலாந்துக்கு எதிராக மன்தீப் 24-ஆவது நிமிடத்தில் போட்டது எந்த வகை? கார்னரில் ஹர்மன்பிரீத் அடித்த பந்தைக் கீப்பர் தடுத்தார், சிதறி வந்ததை மன்தீப் உள்ளே தள்ளினார். அடித்தவர் மன்தீப், ஆனால் கோல் பிறந்தது கார்னரில். நான் 'கா' என்று எழுதி ஒரு புள்ளி வைக்கிறேன். அரையிறுதியில் சுக்ஜீத் 36-ஆவது நிமிடத்தில் போட்டதும் இதே கதைதான். ஹர்மன்பிரீத் அடித்த பந்தை வழியில் தொட்டுத் திசை மாற்றினார். அதற்கும் 'கா', புள்ளி.

படி 4: எந்தக் கால்பகுதி?

நிமிடத்தை 15-ஆல் வகுத்தால் போதாதா என்றுதான் நானும் நினைத்தேன். ஸ்பெயினுக்கு எதிராக ஹர்மன்பிரீத்தின் முதல் கோல் 30-ஆவது நிமிடம். இடைவேளைக்குச் சற்று முன்பு. வகுத்து ஒன்றைக் கூட்டினால் அது மூன்றாம் பகுதியில் போய் விழுகிறது! நிமிடத்தில் முதலில் ஒன்றைக் கழியுங்கள். பிறகு 15-ஆல் வகுத்து, முழு எண்ணை மட்டும் எடுத்து, ஒன்றைக் கூட்டுங்கள். 30 என்றால் 29-ஐ வகுக்க 1, கூட்ட 2. சரி. 31 என்றால் 3. அதுவும் சரி.

படி 5: அட்டைகள்

பச்சை 2 நிமிடம், மஞ்சள் குறைந்தது 5 நிமிடம். இவற்றை வீரர் கட்டத்தில் 'ப', 'ம' என்று நிமிடத்தோடு குறித்தால் போதும். சிவப்பு அப்படியில்லை, அது அடுத்த கட்டத்தையும் தொடும்.

ரோஹிதாஸின் வரிசையைப் பாருங்கள். காலிறுதிக் கட்டத்தில் 'சி 17'. ஓடும்போது அவர் மட்டை எதிராளியின் தலையில் பட்டது, வீடியோ நடுவர் பார்த்த பிறகு சிவப்பு. மீதி 43 நிமிடத்தைப் பத்துப் பேரோடு ஓட்டினார்கள். நடுக்கள வரிசையில் நான் எழுதியிருந்த மன்பிரீத் தடுப்புக்கு இறங்கினார். அவர் கட்டத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டேன். பட்டியலில் அச்சடித்த இடம் ஆட்டத்தில் நிலைக்கும் என்று எண்ண வேண்டாம் என்பதற்கு அந்த அம்புக்குறி போதும்.

அரையிறுதிக் கட்டத்தில் ரோஹிதாஸுக்கு 'தடை'. ஒரு ஆட்டத் தடைக்கு எதிரான முறையீடு எடுபடவில்லை. 15 பேரோடுதான் ஜெர்மனியைச் சந்தித்தார்கள். கார்னரைத் தடுக்க நிற்பது கீப்பரோடு சேர்த்து ஐந்தே பேர். அவர்களில் முதலில் பாய்ந்து பந்துக்கு நேராக ஓடுகிறவர், அதாவது ஃபர்ஸ்ட் ரஷ்ஷர், வழக்கமாக ரோஹிதாஸ். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்தை நோக்கி முகமூடி கட்டிக்கொண்டு ஓடுகிற வேலை அது. அவர் இல்லாத அந்த ஆட்டத்தில் 18-ஆவது நிமிடம் ஜெர்மனியின் கோன்சாலோ பெய்லாட் கார்னரில் போட்டார். அவர் இருந்திருந்தால் தடுத்திருப்பார் என்று சொல்ல வரவில்லை. இரண்டு கட்டத்தையும் சேர்த்துப் பார்க்கத்தான் இந்தப் பாடெல்லாம்.

(பெய்லாட் 2016 ரியோவில் அர்ஜென்டினாவுக்காக ஆடித் தங்கம் வாங்கியவர். எதிரணி வீரர்களை நாடு வாரியாகப் பக்கம் பிரிக்கிறவர்கள் கவனிக்க.)

இப்போது கூட்டிப் பாருங்கள்

இந்தியா போட்டது 15, வாங்கியது 12. வகை வாரியாக என் நோட்டில் கா 9, ஸ் 3, ஃபீ 3. ஃபீல்டு கோல் மூன்றே மூன்று. விவேக் சாகர் ஒன்று, அபிஷேக் இரண்டு. ஹர்மன்பிரீத்தின் பத்தில் ஏழு கார்னர், மூன்று ஸ்ட்ரோக். ஐந்து முன்கள வீரர்களைக் கொண்டுபோன அணி, கோலுக்குத் தடுப்பில் நிற்கும் ஒரே ஆளை நம்பியிருந்தது. முன்கள வீரர்கள் வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. கார்னர் தானாகக் கிடைப்பதில்லை, வட்டத்துக்குள் பந்தைக் கொண்டுபோய் எதிராளியின் காலில் பட வைக்கிறவர்கள் அவர்கள்தான். ஆனால் அதை என் நோட்டு பிடிக்கவில்லை. அடுத்த தொடரில் 'கார்னர் வாங்கித்தந்தவர்' என்று ஐந்தாவது கட்டம் சேர்க்கப்போகிறேன்.

கால்பகுதி வாரியாகப் போட்டது 4, 5, 4, 2. வாங்கியது 1, 6, 2, 3. இரண்டாம் பகுதியைப் பாருங்கள், வாங்கியதில் சரிபாதி அங்கேதான். டிவி முன்னால் உட்கார்ந்து எட்டு ஆட்டமும் பார்த்த எனக்கு இது தோன்றவே இல்லை. கடைசி நிமிடங்களில்தான் கோட்டை விடுவார்கள் என்ற பழைய நினைப்பிலேயே இருந்தேன். இந்தத் தொடரில் 59-ஆவது நிமிடத்தில் விழுந்த இரண்டு கோலும் இந்தியா போட்டவை. நியூசிலாந்துக்கு எதிரான வெற்றிக் கோலும், அர்ஜென்டினாவுக்கு எதிராகச் சமன் செய்த கோலும்.

பின்சேர்க்கை 1: 'ஒரு செய்தியில் 58, இன்னொன்றில் 59 என்று இருக்கிறது, எதை எடுப்பது?' என்று இருவர் கேட்டிருந்தார்கள். கடிகாரம் 58 நிமிடமும் சில விநாடியும் காட்டினால் ஓடிக்கொண்டிருப்பது 59-ஆவது நிமிடம். அதிகாரபூர்வ ஆட்டத்தாளில் இருப்பதை எடுங்கள். டிவி திரையில் நேரம் இறங்குமுகமாக ஓடினால், அதைப் பார்த்து எழுதி வைக்க வேண்டாம்.

பின்சேர்க்கை 2: இதே நோட்டு முறையில் டோக்கியோ ஒலிம்பிக்கைப் பதிய முயன்ற ஒருவர், 16 வரிசை பத்தவில்லை என்றார். அவர் சொன்னது சரி, நான் எழுதாமல் விட்டது தப்பு. கோவிட் காரணமாக அந்த ஒலிம்பிக்கில் மட்டும் விதி வேறு. 18 பேரிலிருந்து ஆட்டத்துக்கு ஆட்டம் 16 பேரைத் தேர்ந்துகொள்ளலாம். அதனால் 18 வரிசை போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் 'உண்டு', 'இல்லை' எழுதுங்கள். முதலில் மாற்று வீரராக இருந்த சிம்ரன்ஜீத் சிங்கை 17-ஆவது வரிசையில் வைத்தேன். ஜெர்மனியை 5-4 என்று வென்ற வெண்கல ஆட்டத்தில், அந்த வரிசையில்தான் இரண்டு கோல் எழுத வேண்டி வந்தது.