பின்பக்கப் பட்டறைக்குக் கரண்ட் இழுக்கும்போது எர்த்தை மறக்காதீர்கள்

பெங்களூரில் கே.ஆர்.புரம், ராமமூர்த்தி நகர், ஹொரமாவு பக்கம் தனி வீடு வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் பின்பக்கம் ஷீட் கூரை போட்டு மரவேலைக்கோ வெல்டிங்குக்கோ சின்னதாக ஒரு பட்டறை வைத்துக்கொள்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அங்கே கரண்ட் எப்படிப் போகிறது என்று பார்த்தால் சமையலறை ப்ளக்கிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். தயவுசெய்து அப்படி ஓட்டாதீர்கள். மழையில் நனைந்த மண் தரை, இரும்பு உடம்பு உள்ள மெஷின், வியர்த்த கை, இந்த மூன்றும் சேரும் இடம் அது.

முதலில் பெஸ்காம் கரண்ட் பில்லை எடுங்கள். சாங்ஷன் லோடு, அதாவது உங்கள் வீட்டுக்கு அனுமதித்த லோடு, எத்தனை கிலோவாட் என்று அதிலேயே போட்டிருக்கும். பட்டறையில் இருக்கும் எல்லா மெஷினையும் கூட்ட வேண்டியதில்லை, ஒரே நேரத்தில் எவை ஓடும் என்று மட்டும் பாருங்கள். தனி ஆளாக வேலை செய்கிறவருக்கு 2 ஹெச்பி டேபிள் சா (மரம் அறுக்கும் மேசை ரம்பம்), கூடவே தூசி இழுக்கும் 1 ஹெச்பி மெஷின், லைட், ஃபேன், எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 20 ஆம்ப் வரும். அதோடு வீட்டில் கீசரும் ஓடினால் சாங்ஷன் லோடு தாங்குமா என்று கணக்குப் போடுங்கள். தாங்காது என்றால் வேலை தொடங்கும் முன்பே லோடு கூட்ட விண்ணப்பித்துவிடுங்கள். கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: மாதம் 200 யூனிட்டைத் தாண்டினால் முழு பில்லையும் கட்ட வேண்டும். பொழுதுபோக்காக இல்லாமல் காசு வாங்கி வேலை செய்கிறீர்கள் என்றால் வீட்டு இணைப்பிலிருந்து எடுப்பதே தவறு, தனி மீட்டர் கேளுங்கள்.

இணைப்புக் கொடுக்கும் வேலையை லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரிடம்தான் விட வேண்டும், சட்டமும் அதைத்தான் சொல்கிறது. திட்டம் போடுவது, பள்ளம் தோண்டுவது, சாமான் வாங்குவது உங்கள் வேலை. பி.வி.கே. ஐயங்கார் ரோட்டில் ஒரு சுற்று சுற்றினால் எல்லாம் கிடைக்கும்.

கேபிளுக்கு வருவோம். வீட்டு டிபியிலிருந்து (எல்லா லைனும் பிரியும் மெயின் பெட்டி) பட்டறை 30 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் போட்டால் 20 ஆம்ப் ஓடும்போதே 9 வோல்ட் குறையும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும், அப்போது 25 வோல்ட்டுக்கு மேல் போய்விடும், லைட் மங்கும், மோட்டார் முனகும், நாளடைவில் வைண்டிங் சூடேறும். அதே தூரத்துக்கு 6 ஸ்கொயர் எம்எம் போட்டால் ஓட்டத்தில் 4 வோல்ட்டுக்குள்தான் குறையும். எனவே 6 ஸ்கொயர் எம்எம், உள்ளே மூன்று கம்பி (கோர்), மேலே இரும்புக் கவசம் உள்ள ஆர்மர்டு காப்பர் கேபிள் வாங்குங்கள். அலுமினியம்தான் கட்டுப்படியாகும் என்றால் 10 ஸ்கொயர் எம்எம், ரெசிஸ்டன்ஸ் இரண்டுக்கும் ஒன்றேதான். ஆர்மர் எதற்கு என்று கேட்கலாம். பெருச்சாளி நடமாடும் ஊரில் சும்மா பிவிசி வயரை மண்ணில் விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த லைன் மெயின் டிபியில் தனியாக ஒரு 32 ஆம்ப் டபுள் போல் எம்சிபியிலிருந்து (கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் அறுக்கும் சுவிட்ச்) கிளம்பட்டும், ஏதோ ஒரு ரூம் லைனிலிருந்து வேண்டாம்.

பள்ளம் 75 சென்டிமீட்டர் ஆழம். அடியில் மணல், கேபிள், மேலே மறுபடி மணல், அதன் மேல் வரிசையாகச் செங்கல். பிறகு மண்ணை மூடும்போது பாதியில் எச்சரிக்கை டேப். தண்ணீர் பைப்பும் சம்ப்பும் இருக்கும் பக்கத்தை விட்டு விலகிப் போங்கள். பள்ளம் திறந்திருக்கும்போதே பக்கத்தில் ஒரு காலி பைப்பும் போட்டுவிடுங்கள், நாளைக்கு இன்டர்நெட் கேபிளுக்கு உதவும்.

அப்புறம் எர்த். இதைத்தான் பலர் கடைசியில் ஒப்புக்குச் செய்கிறார்கள், எனக்கு ஆதங்கமே இதில்தான். எம்சிபி இருக்கிறதே, ஷாக் அடித்தால் விழுந்துவிடும் என்று நினைக்கிறோம். விழாது. மெஷின் உடம்பில் கரண்ட் வரும் ஃபேஸ் வயர் பட்டால் அந்தக் கரண்ட் உங்கள் எர்த் குழி வழியாக மண்ணுக்குள் போய் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்ப வேண்டும். அந்த வழியில் மொத்தம் 10 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தால்கூட 230 வோல்ட்டை 10ஆல் வகுத்து 23 ஆம்ப்தான் ஓடும், 32 ஆம்ப் எம்சிபி அசையவே அசையாது, மெஷின் உடம்பு உயிரெடுக்கும் வோல்டேஜில் அப்படியே நிற்கும். ஏப்ரலில் நம்மூர் செம்மண் காய்ந்து கிடக்கும்போது நிலைமை இன்னும் மோசம்.

அதனால் பட்டறை டிபியில் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, அதாவது அந்த அளவு கரண்ட் கசிந்தாலே விழுந்துவிடும் சுவிட்ச், கட்டாயம். வீட்டுப் பக்கம் அந்த லைனுக்கு 100 மில்லி ஆம்ப், கொஞ்சம் தாமதமாக விழும் எஸ் டைப் ஒன்று போட்டால் பட்டறையில் நடக்கும் கோளாறு அங்கேயே முடிந்துவிடும். பட்டறை அருகே 2.5 மீட்டர் ஜிஐ பைப் இறக்கித் தனி எர்த் குழி போட்டு, அதை கேபிளின் எர்த் கோரோடும் ஆர்மரோடும் சேர்த்துவிடுங்கள். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். எர்த் சரியில்லை என்று நியூட்ரலையும் எர்த்தையும் பட்டறை டிபியில் முறுக்கிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள், ஒருபோதும் விடாதீர்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் எல்லா மெஷினின் உடம்பிலும் கரண்ட் ஏறிவிடும்.

லைட்டுக்குத் தனி ஆர்சிசிபி, ப்ளக்குகளுக்குத் தனி ஆர்சிசிபி. ப்ளக் பக்கம் டிரிப் ஆகும்போது லைட்டும் சேர்ந்து அணைந்தால், பிளேடு இன்னும் சுற்றிக்கொண்டிருக்க நீங்கள் இருட்டில் நிற்பீர்கள். பெரிய மெஷினுக்கு நோ வோல்ட் காயில் (கரண்ட் போனதும் மெஷினைத் துண்டித்துவிடும் சுருள்) உள்ள டிஓஎல் ஸ்டார்ட்டர் வையுங்கள். கரண்ட் போய்த் திரும்ப வரும்போது மெஷின் தானாக ஓடக் கூடாது, நம் ஊரில் மழை நாட்களில் கரண்ட் எத்தனை முறை போய் வருகிறது என்று உங்களுக்கே தெரியும். மரத்தூள் பறக்கும் இடத்தில் சாதாரண சுவிட்ச் போர்டு வேண்டாம், மூடியுள்ள மெட்டல் கிளாட் (இரும்புப் பெட்டி) சாக்கெட் போடுங்கள்.

மண்ணை மூடும் முன் கேபிளை 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) சோதிக்கச் சொல்லுங்கள், 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மூட விடாதீர்கள். பள்ளத்தைச் சுவரிலிருந்து அளந்து டேப்போடு போட்டோ எடுத்து வையுங்கள். கரண்ட் வந்த பிறகு மாதம் ஒருமுறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்றுங்கள், அதுவரை பட்டறை மெயினை ஆஃபிலேயே வையுங்கள்.